பால் பல்லும் ஜாதகமும்

இரண்டு வருஷத்துக்கு முன் கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு கிராமத்துக்கு ஒரு தோழரைப் பார்க்கப் போயிருந்தோம். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருக்கையில், அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி, இரண்டு வயது நிரம்பிச் சில நாளே ஆன குழந்தை, உள்ளேயிருந்து ஓடி வந்து நிலைப்படியில் கால் தட்டிக் குப்புற விழுந்து விட்டது. வாயெல்லாம் ரத்தம். தூக்கிப் பார்த்தால் மேல்வரிசை முன்பல் இரண்டில் ஒன்று முக்கால் பங்கு ஈறுக்குள் ஏறி மறைந்து போயிருந்தது. மற்றொன்று லேசாக ஆடிக் கொண்டிருந்தது.

ஐந்து நிமிஷத்துக்குள் பத்துப் பேர் கூடி விட்டார்கள். ஒரு அம்மாள் காப்பித்தூளைக் கை நிறைய எடுத்துக் கொண்டு ஓடி வந்தாள். இன்னொருவர் திருநீற்றை ஊதி வாயில் போட வேண்டும் என்றார். குழந்தையின் அம்மாயி, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வைக்கிற நேரத்துல நிலைப்படியில ரத்தம் சிந்தலாமா?" என்று தலையில் அடித்துக் கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி யார் கண் பட்டதோ என்று தெருவையே ஒரு சுற்றுப் பார்த்தாள். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு கேள்வியில் ஒற்றுமைப்பட்டார்கள். அதாவது, குழந்தையைப் பெற்றவளைப் பார்த்து, "ஏம்புள்ள, நீ எங்க பார்த்துட்டு இருந்தே?" என்பதுதான் அது. அந்தப் பெண் ஏற்கனவே நடுங்கிக் கொண்டிருந்தவள், இதைக் கேட்டதும் அழவே ஆரம்பித்து விட்டாள். ஒரு வாலிபர் மாத்திரம் காரியத்தில் இறங்கி, உள்ளே போன பல்லை நகத்தால் நெம்பி வெளியே எடுத்து விடுகிறேன் என்று கையை நீட்டினார். நல்ல வேளையாகக் குழந்தை அவர் விரலைக் கடித்து விட்டது.

கடைசியில் நமது தோழரே தீர்ப்புச் சொன்னார். "பால் பல்லுதானுங்க. விழுந்து முளைக்கப் போற பல்லுக்கு எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார். கூட்டமும் அதை ஒப்புக் கொண்டு கலைந்தது.

நாம் இந்தக் கட்டுரையை எழுதுவது காப்பித்தூளைப் பற்றியோ திருநீற்றைப் பற்றியோ அல்ல. அவைகளைப் பற்றி இந்தப் பத்திரிகையில் வேண்டிய அளவு எழுதியாகி விட்டது. நமது தோழரின் தீர்ப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் பல வருஷங்களாக ராகுகாலம் பார்க்காதவர். சாமி கும்பிடாதவர். ஆனால் ஒருவர் கடவுளை நம்புவதில்லை என்பதினாலேயே அவருக்குப் பல்லைப் பற்றித் தெரிந்து விடுமா? "பால் பல்தானே" என்பதும் யாரோ சொல்லி, யாரோ கேட்டு, ஒருவரும் விசாரிக்காமல் நம்பி வருகிற ஒரு வார்த்தைதான். திருநீறு பூசாதவர்கள் சொல்லுகிறார்கள் என்பதற்காக அது அறிவாகி விடாது.

அந்த வார்த்தையில் பாதி உண்மை இருக்கிறது. பால் பல் விழத்தான் போகிறது. குழந்தைக்கு ஏறத்தாழ 6 மாதத்தில் முளைக்க ஆரம்பித்து, மூன்று வயதுக்குள் 20 பல்லும் வந்து விடுகின்றன. முன்பற்கள் 6, 7 வயதில் விழ ஆரம்பித்து, கடைசிக் கடைவாய்ப் பால் பல் 11, 12 வயதில் விழுகிறது. இரண்டு வயதில் அடிபட்ட முன்பல் இன்னும் நாலைந்து வருஷத்துக்கு அந்தக் குழந்தைக்கு வேண்டிய பல் என்பது ஒரு சங்கதி. ஆனால் அதைவிடப் பெரிய சங்கதி, அந்தப் பல்லுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் என்ன இருக்கிறது என்பதாகும்.

குழந்தையின் மேல்தாடை எலும்புக்குள், பால் பல்லின் வேர் நுனிக்குப் பக்கத்திலேயே, சற்று உட்புறமாக, நிலைப்பல்லின் முளை இருக்கிறது. அதாவது 7, 8 வயதில் வெளியே வந்து ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல் இரண்டு வயதிலேயே அங்கே உருவாகிக் கொண்டிருக்கிறது. பல்லின் மேலே வெள்ளையாய், கெட்டியாய் இருக்கிறதே, எனாமல் என்கிற பூச்சு, அது மேல்வரிசை நடுப்பற்களுக்குக் குழந்தை பிறந்து மூன்று நாலு மாதத்தில் பூச ஆரம்பிக்கப்பட்டு, 4, 5 வயதில்தான் பூசி முடிகிறது. ஈரச் சுவரில் கொத்தன் சுண்ணாம்பு பூசிக் கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கடப்பாரையால் இடித்தால் பூச்சு என்ன ஆகும்? விழுந்த வேகத்தில் பால் பல்லின் வேர் மேலே ஏறி அந்த முளையை இடித்தால் அதுதான் நேருகிறது. பிறகு முளைத்து வருகிற பல்லில் வெள்ளைத் திட்டோ, மஞ்சள், பழுப்புக் கறையோ, பள்ளமோ இருக்கலாம். சில பற்கள் வளைந்து வரும். சில பற்கள் காலம் தாழ்த்தி வரும், அல்லது வர வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் வரும். எனாமல் ஒரு தடவை பூசுவதுதான். பல் வெளியே வந்த பிறகு உடம்பு அதைத் திரும்பப் பூசிக் கொள்ளாது. விழுந்த குழந்தைகளுக்கெல்லாம் இப்படி நேரும் என்று நாம் பயமுறுத்தவில்லை. பெரும்பாலான சின்ன அடிகளில் ஒன்றும் ஆவதில்லை. பால் பல் உள்ளே ஏறிக் கொண்டாலும், வேரோடு விழுந்து விட்டாலும்தான் இந்த ஆபத்து அதிகம். அதிலும் குழந்தை சிறியதாக இருக்க இருக்க அதிகம்.

இனி ஜாதகத்துக்கு வருவோம். இரண்டு வயதில் விழுந்த அடிக்குப் பலன் எப்போது தெரிகிறது? ஏழு வயதில், எட்டு வயதில். நடுவில் ஐந்தாறு வருஷம் போய் விடுகிறது. விழுந்ததை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. குழந்தைக்கே நினைவு இருக்க நியாயமில்லை. திடீரென்று ஒரு நாள் முன்பல்லில் பழுப்புக் கறையோடு ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. உடனே என்ன சொல்லுகிறார்கள்? வயிற்றில் இருக்கும்போது தாய் கிரகணத்தில் வெளியே போனாள் என்கிறார்கள். பிறந்த நேரம் சரியில்லை என்கிறார்கள். மேல் பல் முதலில் முளைத்தது, அப்போதே சொன்னோம், தாய் மாமனுக்கு ஆகாது என்று, இப்போது பிள்ளைக்கே ஆகவில்லை பார் என்கிறார்கள். காரணத்துக்கும் காரியத்துக்கும் நடுவில் ஐந்து வருஷ இடைவெளி கிடைத்தால் போதும், அதற்குள் சோசியன் ஒரு குடும்பத்தையே குடி வைத்து விடுவான்.

வேடிக்கை என்னவென்றால், குழந்தை பிறந்த நாழிகையை எழுதி வைக்காத வீடு நம் நாட்டில் அபூர்வம். ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கு வெளியே கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு நிற்கிறார்கள். நாழிகை, விநாழிகை, நட்சத்திரம், பாதம் எல்லாம் மஞ்சள் தடவிய காகிதத்தில் ஏறி விடுகிறது. அதனால் அந்தக் குழந்தையின் ஒரு நகத்துக்காவது ஒரு நாளாவது பிரயோஜனம் உண்டா? ஆனால் அதே குழந்தை வாயில் அடிபட்டு விழுந்த நாளை எந்த வீட்டிலாவது எழுதி வைக்கிறார்களா? பிற்காலத்தில் ஒரு வைத்தியருக்குத் தேவைப்படுகிற தேதி அதுதான். எந்தத் தேதி, என்ன வயது, எந்தப் பல், எப்படி விழுந்தது, பல் உள்ளே போயிற்றா, வெளியே வந்ததா என்ற ஐந்து விஷயங்களுக்கு இரண்டு வரி போதும். இதற்குத் தனி நோட்டுப் புத்தகமும் வேண்டியதில்லை. தடுப்பூசி அட்டை ஒன்று ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுக்கிறார்களே, அதில் ஒரு மூலையில் எழுதினால் போதும். கையில் செல்போன் வைத்திருக்கிறவர்கள் வாயை ஒரு படமும் எடுத்து வைக்கலாம்.

நிற்க, அடிபட்ட உடனே என்ன செய்வது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுவோம்.

பல்லைப் பார்ப்பதற்கு முன் குழந்தையைப் பார்க்க வேண்டும். மயக்கம் போட்டதா, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறதா, எழுப்பினால் எழுந்திருக்காமல் தூங்கித் தூங்கி விழுகிறதா, வலிப்பு வந்ததா, காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் பல்லை மறந்து விட்டு 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையானால் வாயைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியை மடித்து ரத்தம் வருகிற இடத்தில் பத்து நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும். வாயில் ரத்தம் எச்சிலோடு கலந்து பத்து மடங்காகத் தெரியும். அதைக் கண்டு திகிலடைய வேண்டியதில்லை. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, திருநீறு இவைகளில் எதையும் புண்ணில் வைக்கக் கூடாது. அழுக்கும் கிருமியும் புண்ணுக்குள் போவதைத் தவிர அவைகளால் லாபம் இல்லை. கிராம்புத் தைலம் பெரியவர்கள் பல்வலிக்கு வைத்துக் கொள்ளுகிறார்கள். குழந்தையின் ஈறை அது பொசுக்கி விடும்.

பிறகு பல்லைத் தேட வேண்டும். பல் உடைந்திருந்தால் உடைந்த துண்டு எங்கே என்று பார்க்க வேண்டும். உதட்டில் காயம் இருந்தால் துண்டு உதட்டுக்குள்ளேயே புதைந்திருக்கலாம். குழந்தை விழுங்கி விட்டால் பெரும்பாலும் மலத்தோடு போய் விடும். ஆனால் விடாமல் இருமுகிறது, மூச்சு இழுக்கிறது என்றால் துண்டு மூச்சுக் குழலுக்குப் போயிருக்கலாம். அதற்கு ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. மண்ணில் விழுந்து புண் ஏற்பட்டிருந்தால், 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் போடுகிற ஊக்கத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அந்த அட்டையைப் பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இனிச் சொல்லுவதை வாசகர்கள் கவனித்து வைத்துக் கொள்ள வேண்டும். பால் பல் வேரோடு கழன்று கையில் வந்து விட்டால் அதைத் திரும்பக் குழியில் வைத்து அழுத்தவே கூடாது. நல்ல எண்ணத்தோடுதான் வைக்கிறார்கள். ஆனால் வைக்கிறபோது அந்த வேர் மேலே இருக்கிற முளையை இடிக்கும், சீழ் பிடித்தால் அந்தச் சீழும் முளைக்குப் போகும். பால் பல்லை விட்டு விட வேண்டியதுதான். ஆனால் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு விழுவது நிலைப்பல்லாக இருந்தால் சங்கதி நேர் விரோதமாகும். அதை உடனே திரும்ப வைத்தாக வேண்டும். வேரைத் தொடாமல் பல்லின் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து, அழுக்கு இருந்தால் பத்து விநாடி தண்ணீரிலோ பாலிலோ அலசி, தேய்க்காமல், அந்தக் குழியிலேயே நேராக வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லி டாக்டரிடம் ஓட வேண்டும். வைக்கத் தைரியம் இல்லாதவர்கள் பல்லை ஒரு டம்ளர் பாலில் போட்டுக் கொண்டு போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் போனால் பல் பிழைப்பதற்கு வழி உண்டு. உலர்ந்து விட்டால் இல்லை.

நம் ஊர்களில் என்ன செய்கிறார்கள்? பள்ளிக்கூடத்தில் எட்டு வயதுப் பையனுக்குப் பல் விழுந்தால், அது பால் பல்லா நிலைப்பல்லா என்று பார்ப்பதே இல்லை. சாணியில் பொதிந்து கூரை மேல் எறிந்து விடுகிறார்கள். தானாக ஆடி விழுந்த பால் பல்லைக் கூரையில் எறிந்தால் என்ன, குப்பையில் எறிந்தால் என்ன, நமக்கு அதில் ஆட்சேபம் இல்லை. குழந்தைகளுக்கு அது ஒரு விளையாட்டு. ஆனால் அடிபட்டு விழுந்த நிலைப்பல்லும் அதே கூரைக்குப் போகிறது. சாணிக்குப் பதில் பால், கூரைக்குப் பதில் ஆஸ்பத்திரி என்று இரண்டை மாற்றியிருந்தால் அந்தப் பையன் வாயில் அறுபது வயது வரை அந்தப் பல் இருந்திருக்கக் கூடும். இரண்டையும் கண்டு பிடிப்பது கஷ்டமுமில்லை. பால் பல் சிறியது, நல்ல வெள்ளை. புதிதாக வந்த நிலைப்பல் பெரியது, சற்று மஞ்சள் சாயல், நுனி ரம்பம் போல இருக்கும். பள்ளிக்கூட ஆசிரியர்கள் இதைத் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லுகிறது. பிரம்பு வைத்திருந்த இடத்தில் இந்த அறிவை வைத்துக் கொள்ளலாம்.

டாக்டரிடம் போன பிறகு நடப்பதைப் பற்றி நம் ஜனங்களுக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. "அவ்வளவு தூரம் போனோம், டாக்டர் ஒன்றுமே செய்யவில்லை, பார்த்துக் கொண்டிருங்கள் என்று அனுப்பி விட்டார்" என்பார்கள். ஊசியும் மருந்துச் சீட்டும் கொடுக்காதவன் டாக்டரே அல்ல என்று ஒரு எண்ணம் நமக்கு இருக்கிறது. பூசாரி மணி அடிக்காவிட்டால் பூசை ஆகவில்லை என்று நினைக்கிற அதே புத்திதான் இது. பால் பல்லைப் பொறுத்த வரையில் பார்த்துக் கொண்டிருப்பதே பல சமயங்களில் சரியான வைத்தியமாகும். காரணம் மேலே சொன்ன முளைதான். கருவி போட்டு நோண்ட நோண்ட அதற்கு ஆபத்து. வெறுமே ஆடுகிற பல் தானே இறுகிக் கொள்ளும். சாய்ந்த பல்லை நாக்கும் உதடும் நாளடைவில் நேரே தள்ளி விடும். உள்ளே ஏறிய பல்கூடப் பெரும்பாலும் 6 மாதத்துக்குள், சில சமயம் ஒரு வருஷத்துக்குள், தானே இறங்கி வந்து விடுகிறது. நகத்தால் நெம்ப வந்த வாலிபர் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

அதற்காக டாக்டரிடம் போகாமலே வீட்டில் பார்த்துக் கொண்டிருக்கலாமே என்று யாரும் கேட்க வேண்டாம். எந்தப் பல்லைப் பார்த்துக் கொண்டிருக்கலாம், எதைப் பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது என்று சொல்லுவதற்குத்தான் படித்தவர் வேண்டும். பல்லின் நுனி மட்டும் உடைந்தால் கூர்மையைத் தேய்த்து விடுவார்கள். கொஞ்சம் ஆழமாக உடைந்தால் மேலே பூசி மூடுவார்கள். உள்ளே சிவப்பாக ரத்தநாளம் தெரிகிற மாதிரி உடைந்தால் அதற்குச் சிகிச்சை உடனே வேண்டும். பல் குறுக்கே நின்று வாய் மூட முடியாமல் தடுத்தாலும், விழுங்கி விடுகிற அளவுக்குத் தொங்கினாலும் பிடுங்க வேண்டி வரலாம். இரண்டு மூன்று பற்கள் எலும்போடு சேர்ந்து ஆடினால் தாடை எலும்பு முறிந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தூக்கி நிறுத்திக் கட்ட வேண்டும். இதெல்லாம் வாயைத் திறந்து பார்த்து, வேண்டியிருந்தால் எக்ஸ்ரே எடுத்துத் தெரிய வேண்டிய காரியம்.

பிடுங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அங்கே ஒரு தடை வந்து நிற்கிறது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய் விடும் என்கிறார்கள். படித்தவர்களும் சொல்லுகிறார்கள், பி.ஏ. பட்டம் வாங்கினவர்கள் நம்மிடமே சொல்லியிருக்கிறார்கள். பல்லுக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு வேறு, கண்ணுக்குப் பார்வை கொடுக்கிற நரம்பு வேறு. மூளையிலிருந்து வருகிற நரம்புகளில் பார்வை நரம்பு இரண்டாவது, பல் நரம்பு ஐந்தாவதின் கிளை. பல்லைப் பிடுங்கினால் பார்வை போகும் என்றால், ஏழு வயதில் மேல் முன்பற்கள் விழுகிற அத்தனை பிள்ளைகளும் குருடாகியிருக்க வேண்டும். கிழவர்களுக்குப் பல்லும் போகிறது, பார்வையும் மங்குகிறது. இரண்டும் ஒரே வயதில் வருவதைப் பார்த்து ஒன்றினால் ஒன்று என்று முடிவு செய்து விட்டார்கள். தலைமயிர் நரைப்பதையும் ஏன் பல்லின் மேல் போடவில்லை என்று தெரியவில்லை.

தெய்வங்களுக்கு வேண்டிக் கொள்ளுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புராணத்திலேயே பல் வைத்தியம் தோற்றுப் போயிருக்கிறது. தக்கன் யாகத்தில் வீரபத்திரன் புகுந்து தக்கன் தலையை வெட்டினான், பூஷன் என்கிற தேவனுடைய பல்லை உடைத்தான். பிறகு சமாதானம் ஆன போது தலை போனவனுக்கு ஆட்டுத் தலையாவது வைத்தார்கள். பல் போனவனுக்குப் பல் வைக்கவில்லை. மாவைக் கரைத்துத் தின்று கொள் என்று சொல்லி விட்டார்கள். நம் டாக்டர்களும் குழந்தைக்கு முதலில் சொல்லுவது மெதுவான ஆகாரம்தான். ஆகவே அந்த ஒரு புத்திமதியில் மாத்திரம் புராணத்தோடு நமக்குச் சண்டை இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பத்து நாளைக்குக் குழைந்த சோறு, இட்லி, கஞ்சி. அடிபட்ட இடத்தை மெல்லிய பிரஷ்ஷாலோ, துணியாலோ சுத்தமாக வைத்திருக்க வேண்டும். வலி என்று தொடக்கூடாது என்று விட்டு விடுவதினால்தான் ஈறு அழுகுகிறது. ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் தடவுவதற்குக் குளோர்ஹெக்சிடின் என்கிற, சாராயம் கலவாத மருந்தை டாக்டர் கொடுப்பதுண்டு. வலிக்குப் பாரசிட்டமால், அதுவும் குழந்தையின் எடைக்குத் தக்கபடி. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. கிருமிநாசினி மாத்திரைகளை மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். இந்த மாதிரி அடிக்கு அது சாதாரணமாக வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்தும், 6 முதல் 8 வாரத்திலும் திரும்பக் காட்ட வேண்டும். பல் உள்ளே ஏறியிருந்தால் 6 மாதத்திலும், ஒரு வருஷத்திலும், பிறகு குழந்தைக்கு 6 வயது ஆகும்போதும் காட்ட வேண்டும். சில வாரங்களில் அடிபட்ட பல் சாம்பல் நிறமாகவோ கருப்பாகவோ மாறலாம். பெற்றோருக்கு அது பெரிய கவலையாகி விடுகிறது. பல் கறுத்தது என்பதற்காக மட்டும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சில பற்களில் நிறம் திரும்பவும் வெளுக்கிறது. ஈறில் கொப்புளம், சீழ், வீக்கம், வலி இவைகளில் ஒன்று வந்தால்தான் உடனே போக வேண்டும். அந்தச் சீழ்தான் மேலே இருக்கிற முளையைக் கெடுப்பது.

பணச் செலவைச் சொல்லுவார்கள். நியாயம்தான். ஜில்லா தலைமை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பல் வைத்தியப் பகுதி இருக்கிறது. சென்னையில் 1953ல் ஆரம்பித்த அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருஷ்டி கழிக்கிறவனுக்கும் சோசியனுக்கும் கொடுக்கிற காசு அங்கே போகிற பஸ்ஸுக்குப் போதும்.

தாய் எங்கே பார்த்துக் கொண்டிருந்தாள் என்ற கேள்விக்கும் பதில் சொல்லி விடுவோம். இரண்டு வயதுக் குழந்தைக்கு உடம்புக்குத் தலை பெரிது, கால் இன்னும் பழகவில்லை, விழும்போது கையை ஊன்றுகிற வேகம் வரவில்லை. ஆகவே முகம்தான் முதலில் தரையில் படும். அந்த வயதில் முன்பல்லில் அடிபடுவது உலகம் முழுவதும் உள்ள சங்கதி. தாய் பார்த்துக் கொண்டிருக்கும்போதே, கை எட்டுகிற தூரத்திலேயே நடக்கிறது. தகப்பனும் அப்பிச்சியும் நாமும் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தோம், எங்களை ஒருவரும் கேட்கவில்லை! ஈரமான சிமெண்டுத் தரை, கூர் விளிம்புள்ள மேஜை, குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருட்டுகிற சக்கர வாக்கர் இவைகளைக் கேட்க வேண்டும். அந்த வாக்கரை விற்கக் கூடாது என்று கனடா தேசத்தார் 2004லேயே சட்டம் செய்து விட்டார்கள். நம் ஊரில் அதைக் காது குத்துக் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் அம்மாயி இன்னொன்றும் சொன்னாள். "பொம்பளைப் புள்ளையாச்சே, பல்லு போனா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றாள். அதற்கு நாம் பதில் சொல்லுவதற்குள் குழந்தையின் தாயே கண்ணைத் துடைத்துக் கொண்டு, "அவ சோறு திங்கறதுக்குத்தான் பல்லு வேணும் அம்மா" என்று சொல்லி விட்டு, ரத்தக் கறையைக் கழுவத் தண்ணீர் எடுத்து வந்தாள்.

மறு நாள் காலையில் குழந்தையைக் கொண்டு போனார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, பல் உள்ளே ஏறியிருக்கிறது, முளைக்கு எதிர்ப்பக்கமாக நிற்கிறது, காத்திருக்கலாம் என்றாராம். தோழருக்கு முதலில் திருப்தி இல்லை, ஒரு டானிக்காவது எழுதித் தரக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். ஐந்தாவது மாதத்தில் பல் இறங்கி வந்தது. ஆடின பல் இறுகியது, ஆனால் சாம்பல் நிறமாகி விட்டது. போன வாரம் அந்த ஊருக்குத் திரும்பவும் போன போது குழந்தை அந்தப் பல்லோடு கரும்பு கடித்துக் கொண்டிருந்தது. தோழர் உள்ளே போய்த் தடுப்பூசி அட்டையைக் கொண்டு வந்து காட்டினார். கடைசிப் பக்கத்தில் மகள் கையெழுத்தில் விழுந்த தேதியும், "மேல் வரிசை, வலது நடுப்பல், உள்ளே ஏறியது" என்றும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 6 வயதில் காட்ட வேண்டும் என்று எழுதி, அந்த வருஷத்தையும் குறித்திருந்தாள். ஜாதகம் எங்கே என்று கேட்டோம். வீடு வெள்ளையடித்த போது எங்கேயோ போய் விட்டதாம், இன்னும் யாரும் தேடவில்லை.